ஓர் மாதினால் இயற்றப்பட்டு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் "கொஞ்சம் லைன்லயே இருங்க" என்று சொல்லிப் பிழைத்தவள் நான். ஊரே என் காதில் பேசியது. என்னோடு யாரும் பேசவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறேன். தனியாக என்றால் அப்படி ஒன்றும் தனியில்லை. காலையில் பால்காரர் "அம்மா, பால்" என்பார். சாயங்காலம் செல்போனில் ஒரு பெண் எனக்குக் கடன் கொடுக்க ஆசைப்படுவாள். நான் அவளைச் சுலபத்தில் விடமாட்டேன். எந்த ஊரு, சாப்பிட்டியா, வேலை பிடிச்சிருக்கா என்று விசாரிப்பேன். இப்போதெல்லாம் அவளே போனை வைத்துவிடுகிறாள்.

இந்த நிலையில்தான் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். பழைய பேப்பர் கடையில் கிடைத்தாள். நான் போட்ட பேப்பரை நிறுத்துக்கொண்டிருந்தபோது, தராசுக்குப் பக்கத்தில் முதுகு கிழிந்து குப்புறக் கிடந்தாள். பெயர் 'சுற்றுவழிச் சிந்து'. நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் அச்சடித்த சின்னப் புத்தகம். முகப்பில் இப்படி இருந்தது:

"இஃது ஓர் மாதினால் இயற்றப்பட்டு, அப்பாசாமிப் பண்டிதரவர்களால் பார்வையிடப்பட்டு, காகித வியாபாரம் பலராமனவர்கள் பொருளுதவியால், தரும விலாச அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது."

ஓர் மாது என்பது குண்டூசித் தலை அளவு எழுத்தில். காகித வியாபாரம் பலராமனவர்கள் என்பது கடைப் பலகை எழுத்தில். அதற்குப் பிறகு பாதிப் புத்தகத்துக்குச் சாற்றுகவிகள். தாசில்தார் ஒருவர், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர், பலராமனின் மைத்துனர் ஒருவர் என்று வரிசையாக நின்று பண்டிதரையும் பலராமனையும் புகழ்கிறார்கள். மைத்துனர், புத்தகத்தின் காகிதத்தை வெண்ணிலவுக்கு ஒப்பிடுகிறார். அவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு உள்ளே போனால், அங்கே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

*அடுப்பை அணைத்துவிட்டேன் – அம்மே*
*ஆருக்கும் சொல்லவில்லை;*
*உடுத்த புடவையுடன் – அம்மே*
*ஒருத்தி நடக்கலுற்றேன்.*

சண்டை இல்லை, அடி இல்லை. அவள் வீட்டுக்காரர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். காரணமும் சொல்லவில்லை. மூன்று மழைக்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பௌர்ணமியும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அண்ணாமலையைச் சுற்றக் கிளம்பிவிட்டாள். போகிற வழியில் பார்ப்பதையெல்லாம் அந்த 'அம்மே'யிடம் சொல்லிக்கொண்டே போகிறாள். அந்த அம்மே யாரென்று புத்தகத்தில் இல்லை. வேறு ஆள் இல்லாததால் அது நான்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சுற்றுவழியில் பாதியில் இருக்கிற அடி அண்ணாமலைவரைக்கும் சேர்ந்து போனோம். அங்கே என் பிரதி முடிந்துவிட்டது. கடைசித் தாள்களை யாரோ எப்போதோ வடை மடிக்கக் கிழித்திருக்க வேண்டும்.

வீடு போய்ச் சேர்ந்தாளா? சேரவில்லையா? வேறெங்காவது போனாளா? படித்த ராத்திரியிலிருந்து எனக்கு இதே விசாரம். ஆளில்லாத வீட்டில் இப்படி ஒரு விசாரம் புகுந்தால் அது சோபாவில் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது.

அப்போதுதான் பக்கத்துத் தெருவில் தமிழ் அருநூல் மீட்புப் பேரவையின் மண்டல அலுவலகம் இருப்பது தெரிந்தது. வாசலில் 'நூல்களே நம் கண்கள்' என்று எழுதியிருந்தது. உள்ளே கண்களையெல்லாம் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

கவுண்டரில் கீர்த்தனா என்ற பெண் இருந்தாள். ஒப்பந்த ஊழியர். கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "இருக்குது மேடம். முழுசா இருக்குது, கடைசிப் பக்கம் வரைக்கும்" என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நடுவில் கண்ணாடி இருந்தது.

"ஆனா தர முடியாது மேடம். ஆசிரியர் பேரு காலியா இருக்குது. ஆசிரியர் இல்லாத நூலை வாசகருக்குத் தரக்கூடாதுன்னு ரூலு. நாளைக்கு நீங்க படிச்சிட்டு எதுனா சந்தேகம் கேட்டா யாரைக் கேக்கறது?"

"ஆசிரியர் இருந்தாலும் செத்துப் போயிருப்பாங்களேம்மா."

"செத்தவங்கன்னா பரவால்ல மேடம். பேரு தெரியணும்."

இயக்குநரைப் பாருங்கள் என்று அனுப்பினாள். இயக்குநர் முனைவர் செழியன் மிகவும் மரியாதையானவர். என்னை உட்காரச் சொன்னார், டீ வாங்கித் தந்தார், பெண்களின் துயரம் பற்றி அரைமணி நேரம் என்னிடம் பேசினார். இடையில் நான் இருமியதைத் தவிர என் பங்கு ஒன்றுமில்லை.

"பேரே இல்லாம எத்தனை பொம்பளைங்க எழுதியிருக்காங்க தெரியுமாம்மா? பீரோ பீரோவா இருக்குது. பார்த்தா கண்ணுல தண்ணி வந்துடும். அதனாலதான் நான் பார்க்கறதில்லை. அவங்களுக்கெல்லாம் பேரு வாங்கித் தர்றதுதான் நம்ம பேரவையோட லட்சியம். ஆசிரியர் நிர்ணயக் குழு போட்டிருக்கோம். அதுல ஒரு மகளிர் உறுப்பினர் கட்டாயம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஆறு மாசமா தேடறோம். நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"சும்மாதாங்க இருக்கேன்."

"அதேதாம்மா தகுதி" என்று கை கொடுத்தார்.

நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். குழு உறுப்பினருக்குப் புத்தகத்தைக் கண்ணில் காட்டாமலா இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடம் அரசாங்க வேலை பார்த்தவள் இப்படி நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குழுவின் தலைவர் முனைவர் மாறன். 'முகப்பியல்' என்ற ஆய்வு முறையைக் கண்டுபிடித்தவர். முதல் கூட்டத்தில் எனக்காகவே அதை விளக்கினார்.

"அம்மா, ஒரு நூலோட ஆசிரியர் யாருன்னு கண்டுபிடிக்க முகப்புப் பக்கம் ஒண்ணே போதும். உள்ள போகக்கூடாது. உள்ள போனா மனசு ஒரு பக்கம் சாஞ்சுடும். நாலு பக்கம் படிச்சோம்னு வைங்க, எழுதினவங்க மேல ஒரு பாசம் வந்துடுது. பாசம் வந்தா ஆராய்ச்சி போச்சு. நான் இருபத்தஞ்சு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு நூலைக்கூட உள்ள திறந்ததில்லை."

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் கைக்கு வந்தவை முகப்புப் பக்கங்களின் ஜெராக்ஸ் மட்டும்.

முறை எளிமையானது. முகப்பில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்களில் ஒருவர்தான் ஆசிரியர். ஓர் மாது என்பது பெயர் அல்ல. ஆகவே அவள் போட்டியில் இல்லை. மிச்சம் இருக்கிற ஆண்களில் யாருடைய எழுத்து பெரிதாக அச்சாகியிருக்கிறதோ அவருக்கே நூல். மாறன் சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்கேல் வைத்திருந்தார்.

அன்று காலையிலேயே வேகமாக வேலை நடந்தது. பிரசவ மருந்துகளைச் சொல்லும் ஒரு நூல், அணிந்துரை கொடுத்த சப் ரிஜிஸ்திரார் ஒருவருக்குப் போனது. "அவருக்கு ஏழு பிள்ளைங்க. அனுபவம் ஜாஸ்தி" என்றார் ஒருவர். தாலாட்டுத் திரட்டு ஒன்று, ரிட்டயர்ட் சுபேதாருக்கு. ஊறுகாய் பற்றிய நூலுக்குக் கொஞ்சம் சிக்கல் வந்தது. அதில் பண்டிதர் பெயரும் அச்சகத்தார் பெயரும் ஒரே அளவில் இருந்தன. கடைசியில் உப்பைப் பண்டிதருக்கும் காரத்தை அச்சகத்தாருக்கும் பிரித்து இணை ஆசிரியர்கள் ஆக்கினார்கள்.

'சுற்றுவழிச் சிந்து' வந்தது. மாறன் ஸ்கேலை வைத்தார்.

"காகித வியாபாரி பலராமன். சந்தேகமே இல்லை. அடுத்தது."

"சார்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "இதுல எழுதினவங்க தன் வீட்டுக்காரர் பேசறதை நிறுத்திட்டாருன்னு எழுதியிருக்காங்க. பலராமனுக்கு ஏதுங்க வீட்டுக்காரர்?"

மாறன் ஸ்கேலைக் கீழே வைத்தார். செழியன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அம்மா," என்றார் மாறன், வீட்டில் சாவு விழுந்தவளிடம் பேசுகிற மாதிரி, "நீங்க உள்ள படிச்சிட்டீங்களா?"

"கொஞ்சம் படிச்சேங்க. அடி அண்ணாமலை வரைக்கும்."

"குழுவுல சேர்றதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன."

"சரி, தெரியாம பண்ணிட்டீங்க. இனிமே படிக்காதீங்க." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாருங்க, இதைத்தான் நான் சொல்றேன். உள்ள போனா என்ன ஆகுது பாருங்க. கலைஞன் கூடு விட்டுக் கூடு பாயறவன். பலராமன் கடையில உட்கார்ந்துகிட்டே ஒரு பொண்ணா மாறி எழுதியிருக்காரு. எவ்வளவு பெரிய மனசு! ஒரு பொம்பளை பொம்பளையா எழுதறதுல என்னங்க திறமை இருக்குது?"

கைதட்டினார்கள். கூட்டக் குறிப்பு தயாரானது. உறுப்பினர்கள் அத்தனை பேரின் பெயரும் பட்டமும் வரிசையாக இருந்தன. கடைசியில், 'மற்றும் மகளிர் உறுப்பினர் ஒருவர்'. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகவும் இருந்தது. கீர்த்தனாதான் டைப் அடித்திருந்தாள்.

"என் பேரு அருணாதேவிம்மா" என்றேன் அவளிடம்.

"தெரியும் மேடம். மாதிரிப் படிவத்துல 'மகளிர் உறுப்பினர் ஒருவர்'னுதான் இருக்குது. நூல் பட்டியல் மொத்தமும் ரெண்டு வருஷமா நான்தான் அடிச்சேன். அட்டையில டைரக்டர் சார் பேரு." அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வருது என்பது போலச் சொன்னாள்.

"இப்ப ஆசிரியர் பேரு கிடைச்சிடுச்சே. புத்தகம் தருவியா?"

"இப்ப வாரிசுகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு வாங்கணும் மேடம்."

வாரிசு உடனே கிடைத்தார். பலராமனின் கொள்ளுப்பேரன் பிரகாஷ், செங்கம் ரோட்டில் லாட்ஜும் கல்யாண மண்டபமும் வைத்திருக்கிறார். தன் கொள்ளுத் தாத்தா ஒரு கவிஞர் என்று தெரிந்ததும் அவர் முதலில் பயந்துபோனார். ஏதாவது கட்ட வேண்டியிருக்குமா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, விழா எடுக்க மண்டபம் கொடுத்தால் போதும் என்றதும் அவருக்கும் கவிதை வர ஆரம்பித்தது. நான் ஆட்சேபணை விஷயமாகப் போய்ப் பார்த்தபோது, "விழா முடியட்டும் சிஸ்டர். தாத்தா புக்கை வெளிய விடறதுக்கு முன்ன ஃபேமிலியில பேசணும்" என்றார். உள்ளே தாத்தா வீட்டுக்காரரைப் பிரிந்து நடந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. எனக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தது.

'பெயர் சூட்டு விழா' ஒரு வியாழக்கிழமை அவருடைய மண்டபத்தில் நடந்தது. வாசலில் பெரிய பேனர். 'பெயர் தெரியா மகளிர் எழுத்தாளர்களுக்குப் புகழ் வணக்கம்' என்று மேலே. கீழே வட்டம் வட்டமாகப் பதினெட்டு மீசைகள்.

எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருந்தார்கள். மகளிர் உறுப்பினர் என்ற முறையில் நான் தட்டு ஏந்த வேண்டும். தட்டில் பட்டுத் துணி. அதன்மேல் பேரவையின் பீரோவிலிருந்து வந்த 'சுற்றுவழிச் சிந்து', சிவப்பு ரிப்பன் கட்டி. பக்கத்தில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல். சிறப்பு விருந்தினர் வந்ததும் மேடைக்குக் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் தட்டோடு உள்ளே காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கச் சொன்ன இடம் மணமகள் அறை. கதவில் அப்படித்தான் எழுதியிருந்தது. அறுபத்தொரு வயதில், முதல் தடவையாக அங்கே உட்கார்ந்தேன். எதிரே ஆளுயரக் கண்ணாடி, சுற்றிலும் பல்பு. எதற்கும் இருக்கட்டும் என்று தலைமுடியைச் சரி பண்ணிக்கொண்டேன்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. வந்துகொண்டேயிருந்தார். மேடையில் செழியன் நேரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் என் தலைக்கு மேலேயே இருந்தது.

"பேரில்லாம கிடந்த பதினெட்டு பெண்களுக்கு இன்னைக்கு இந்தப் பேரவை பேரு வாங்கிக் கொடுத்திருக்கிறது! அத்தனையும் நல்ல குடும்பத்து ஆண்களோட பேரு! இனிமே தமிழ்ல ஒரு பெண் பேரில்லாம எழுதினாள்னு எவனாவது சொல்ல முடியுமா? பெண்ணே எழுதலைன்னு நிரூபிச்சிட்டோம்!"

கைதட்டல் ஓயும்வரைக்கும் காத்திருந்தேன். பிறகு ரிப்பனை அவிழ்த்தேன்.

புத்தகம் புத்தம் புதிதாக இருந்தது. முன்பாதிச் சாற்றுகவிகள் மட்டும் விரல் பட்டுப் பழுத்திருந்தன. மைத்துனரின் வெண்ணிலவு மிகவும் பழுத்திருந்தது. அதற்குப் பிறகு பக்கம் திறக்கவில்லை. அந்தக் காலத்துப் புத்தகங்கள் சிலவற்றில் மடித்த தாளின் ஓரம் அப்படியே ஒட்டியிருக்கும். படிக்கிறவர்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். அவள் 'அடுப்பை அணைத்துவிட்டேன்' என்று சொல்லும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரைக்கும் இந்தப் பிரதியில் ஒரு மடிப்புகூட வெட்டப்படவில்லை. அச்சகத்திலிருந்து கிளம்பி, யார் யாருடைய அலமாரியிலோ இருந்து, பேரவையின் பீரோவுக்கு வந்து, இவ்வளவு காலம் ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அருநூலில் கத்தரிக்கோல் வைப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லும் பேரவைச் சுற்றறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடைசி மடிப்பைத் தேடிப் பிடித்து மெதுவாக வெட்டினேன். வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்ததால் சத்தம் கேட்கவில்லை.

அவள் அடி அண்ணாமலையைத் தாண்டியிருந்தாள். வெயில் சாய்ந்திருந்தது.

*முள்ளொன்று தைத்ததம்மே – புளிய*
*மரத்தடி குந்திவிட்டேன்;*
*பள்ளமும் மேடுமல்ல – அம்மே*
*பயமும் எனக்குமில்லை.*

*பேசத் துணையுமின்றி – அம்மே*
*பின்னும் நடப்பதெங்ஙன்?*
*ஆசையாய் ஒருத்திவந்தால் – அம்மே*
*அதன்பின் எழுந்துகொள்வேன்.*

கீழே 'முற்றிற்று' என்று இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். பின்னால் பலராமன் கடையில் கிடைக்கும் காகித வகைகளின் விளம்பரம்.

மறுபடி முன்பக்கம் வந்து படித்தேன். வீட்டுக்கும் போகவில்லை. வேறெங்கும் போகவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கண்ணாடியைச் சுற்றி அத்தனை பல்பு எரியும்போது அழ முடியவில்லை. மூக்கு மட்டும் சிவந்தது. "ஏன் இவ்வளவு நேரம் சொல்லலை" என்று புத்தகத்தைக் கோபித்துக்கொண்டேன். அவள் சொல்லித்தான் இருந்தாள்.

கதவு திறந்தது. கீர்த்தனா, பட்டுப்புடவையில், மூச்சு வாங்கிக்கொண்டு.

"மேடம், கெஸ்ட்டு வந்துட்டாரு. தட்டை எடுத்துக்கிட்டு வாங்க, சார் கூப்பிடறாரு." அப்புறம் கத்தரிக்கோலைப் பார்த்தாள். தாள் ஓரத்துத் துணுக்குகள் என் மடியில் கிடப்பதையும் பார்த்தாள். திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

"வெட்டிட்டீங்களா?"

"வெட்டிட்டேன்."

"வீட்டுக்குப் போனாங்களா மேடம்?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தேன்.

"பட்டியலுக்கு முதல் அடி அடிக்கணுமில்ல? மடிப்பை லேசா விரிச்சு ஒத்தைக் கண்ணால எட்டிப் பார்த்தேன். அடுப்பை அணைச்சிட்டுக் கிளம்பினது மட்டும் தெரிஞ்சுது. அதுக்கு மேல மடிப்பு விடலை. ரெண்டு வருஷமா மண்டையில அதேதான் ஓடுது."

"போகலை. காலுல முள்ளு. அடி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்தடியில உட்கார்ந்திருக்கா. யாராச்சும் பேச்சுத் துணைக்கு வந்தா எழுந்துக்கறேன்னு சொல்றா."

"இன்னுமா மேடம்?" என்றாள் கீர்த்தனா.

ஸ்பீக்கரில் மகளிர் உறுப்பினரை மேடைக்கு அழைத்தார்கள். நான் ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட முயன்றேன். முடிச்சு நிற்கவில்லை. கீர்த்தனா வாங்கிக் கட்டினாள். தட்டை எடுத்துக்கொண்டாள்.

"நானே கொண்டு போறேன் மேடம். நம்மள்ல யாரு வந்தாலும் அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. நீங்க பின்பக்கமா போயிடுங்க. சமையல்கட்டு வழியா கதவு இருக்குது."

"வெட்டினது தெரிஞ்சா உன்னைத் திட்டுவாங்களே."

"தெரியணும்னா திறக்கணுமே மேடம்" என்று சொல்லிவிட்டு, புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு மேடைக்குப் போனாள். கைதட்டல் கேட்டது. மகளிர் உறுப்பினருக்கு இவ்வளவு கைதட்டல் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சமையல்கட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டோ நின்றது.

"எங்கம்மா போகணும்?"

"அடி அண்ணாமலை. கோயில் தாண்டிக் கொஞ்ச தூரம். அங்க எறக்கி விட்டுடுங்க."

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பட்டுப்புடவை, தலையில் பூ, மார்பில் 'விழாக் குழு' என்று பேட்ஜ்.

"இன்னைக்குப் பௌர்ணமி இல்லீங்களே. இந்நேரத்துக்கு அங்க யாரும் இருக்க மாட்டாங்கம்மா. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருனா வராங்களா?"

"வரலைங்க. முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்காங்க" என்று ஏறிக்கொண்டேன். "கொஞ்சம் சீக்கிரம் போங்க. கால்ல முள்ளு."